தோற்பதற்கு ஓர் அழுகுணி ஆட்டம்

சீட்டில் ஜெயிப்பதற்காக அழுகுணி ஆட்டம் ஆடுகிறவர்களை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். தோற்பதற்காக ஆடி, அதிலும் பிடிபட்ட மகானுபாவன் நான்.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்குக் கடலூர், பெண் கயலுக்குச் சிதம்பரம். காணும் பொங்கலுக்கு அவர்கள் நகரில் விளையாட்டுப் போட்டி, அவசியம் வரவேண்டும் என்று அழைப்பு. போனேன். (புதுச் சட்டை, அரை பாட்டில் சென்ட்.) வருங்கால மாமனார் கரன்ட் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். நிச்சயத்தன்று என்னிடம் அவர் பேசியது மொத்தமே "சாப்டீங்களா?" மட்டும்தான். அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு மாதமாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜமால் பாய், லால்பேட்டைக்காரர், சட்டம் பேசுகிறவர். ரம்மி வைத்தால் போலீஸ் வரும் என்று, பிள்ளைகள் ஆடும் 'கழுதை'யைப் போட்டியாக வைத்திருந்தார். கையிலுள்ள சீட்டைத் தீர்த்தவர் தப்பித்தார்; கடைசிவரை சீட்டோடு நிற்பவர் கழுதை. ஒவ்வொரு மேஜையின் கழுதையும் அடுத்த சுற்றுக்குப் போகவேண்டும். கடைசிக் கழுதை மேடையேறி மைக்கில் கத்தவேண்டும்.

எனக்குச் சீட்டு சுத்தமாக வராது. மாமாவுக்கும் வராது என்பது, இறுதிச் சுற்றில் அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

நான் ஜெயித்தால் ஊரே பார்க்க மாமா கழுதையாகக் கத்துவார். அதற்குப் பிறகு பெண் கொடுப்பாரா? தோற்றே தீருவது என்று முடிவெடுத்தேன். அன்றைக்குப் பார்த்து அதிர்ஷ்டம் என்னைத் துரத்தியது. கையில் மூன்றே சீட்டு பாக்கி. மாமா வேட்டியைச் சரிசெய்யக் குனிந்த நேரத்தில், ஆடிக் கழித்த சீட்டிலிருந்து நாலைந்தை உருவிக்கொண்டேன். மறுபடி குறைந்தது. மறுபடி உருவினேன். (மாமா அன்று ஏன் அத்தனை முறை வேட்டியைச் சரிசெய்தார் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை.)

முக்கால் மணி நேரம் கழித்து ஜமால் பாய் வந்தார்.

"என்னா மாப்ள, கோலப் போட்டிக்குப் பரிசே குடுத்தாச்சு. நீங்க இன்னும் ஆடிக்கிட்டே இருக்கீங்க?" மேஜையைப் பார்த்தார். "ஆமா, கழிச்ச சீட்டெல்லாம் எங்க?"

மேஜை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இருவரையும் கையைக் காட்டச் சொல்லி எண்ணினார். என்னிடம் இருபத்திரண்டு. மாமா கையில் இருபத்தொன்று, வேட்டி மடியில் ஒன்பது.

"மாமா, நீங்களுமா?" என்றேன்.

மாமா தலையைத் தூக்கவில்லை. "வீட்டுக்கு வரப்போற மாப்ள, மைக்குல கத்துனா நல்லாவா இருக்கும் பாய்?"

"நான் உங்களுக்காகத்தான் மாமா..."

"ரெண்டு பேரும் அழுகுணி," என்றார் ஜமால் பாய். "ரெண்டு பேருமே ஏறுங்க மேடைல."

ஏறினோம். மாமா தொடங்கினார், குரல் பாதியில் நின்றுவிட்டது. நான் சேர்ந்து இழுத்தேன். கயல் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இறங்கும்போது மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் மாப்ள நல்லா கத்துனீங்க," என்றார். வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் எந்தப் பரிசிலும் கிடைத்ததில்லை.

பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் மாமாவுக்கு முட்டியில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் நான் துணைக்கு இருந்தேன்.

"வலியே இல்ல மாப்ள. நீங்க கெளம்புங்க, வேலை கெட்டுடும்."

"எனக்கு லீவு ஜாஸ்தியா கெடக்கு மாமா."

ஃபிளாஸ்க்கை வைத்துவிட்டு கயல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "மடியில இருக்கறத ரெண்டு பேரும் எடுத்து வெளிய வைங்க."

வலி உயிர்போகிறது என்றார் மாமா. லீவே சொல்லாமல் வந்துவிட்டேன் என்றேன் நான்.