பைனாகுலர் வைத்த பக்தர்கள்

பத்தாவதோடு புத்தகத்தை மூடியவன் நான். நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளுக்குப் பின்னால் போய் நிற்பவன். அப்படிப்பட்டவன் கட்டுரை எழுத வந்ததை மன்னிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இதைச் சொல்லும் எல்லோரும் தப்பாகச் சொல்வதால், நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

1991. ஒரகடம் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் டிரெய்னியாக இருந்தேன். பர்மனென்ட் செய்வார்களா, வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது அந்த மாதம் தெரிந்துவிடும். சூப்பர்வைசர் ஏழுமலை அண்ணன் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்.

"ஞாயித்துக்கெழம மேனேஜர் ஒரு கும்பலக் கூட்டிகினு நடக்கப் போறாரு. பிள்ளைப்பாக்கத்துல கெளம்பி, பொட்டல், காடுன்னு வல்லக்கோட்டை வரைக்கும். நீயும் போ. உன் மூஞ்சி தெரிஞ்சாதான்டா அவரு கையெழுத்துப் போடுவாரு."

எங்கள் ஊரில் கும்பலாக வல்லக்கோட்டைக்கு நடப்பதற்கு ஒரே காரணம்தான்: முருகன். மீசை முளைக்கும் முன்பே பாதயாத்திரை போனவன் நான். உலகத்தில் எனக்குக் கூச்சம் இல்லாத ஒரே காரியம் அது. (மேனேஜருக்கே இரண்டு விஷயம் சொல்லித்தரலாம் என்றுகூட இருந்தேன்.)

விடிந்ததும் மஞ்சள் வேட்டி, வெற்று மார்பு, நெற்றி நிறைய விபூதி, வெறுங்காலோடு பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் ஆஜரானேன். மற்றவர்கள் தொப்பி, ஷூ. கழுத்தில் பைனாகுலர். பட்டணத்து ஜனம், கோயிலைத் தூரத்திலேயே தரிசித்துக்கொள்வார்கள் போல என்று பரிதாபப்பட்டேன். யாரும் பேசக்கூடாது என்றார் மேனேஜர். மௌன விரதம். மனிதர் மீது மரியாதை கூடியது.

பொட்டல் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் காரை முள்ளும் கருவேல முள்ளும் காலைப் பதம் பார்த்தன. நான் முகம் சுளிக்கவில்லை. வழியில் யாராவது மோர் ஊற்றுவார்கள் என்று தண்ணீரும் கொண்டுபோகவில்லை. ஒருவரும் ஊற்றவில்லை.

ஒரு திருப்பத்தில் மேனேஜர் சட்டென்று மண்டியிட்டார். கும்பல் மொத்தமும் மண்டியிட்டது. அவர் விரல் மரங்களுக்கு மேலே எதையோ காட்டியது. கோயில் தெரிந்துவிட்டது. முதலில் கண்டவுடன் குரல் கொடுப்பதுதானே முறை? இவர்களுக்குத் தெரியவில்லை, நான் கொடுத்தேன். அடிவயிற்றிலிருந்து, "அரோகரா".

கிளையிலிருந்து பெரிய கொம்பன் ஆந்தை ஒன்று எழுந்து பறந்தது. கூடவே காட்டில் இருந்த அத்தனை பறவைகளும். (ஒரு முயல்கூட ஓடியது.) அந்த ஆந்தையைக் காட்டத்தான் மேனேஜர் இத்தனை பேரைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தார்.

அவர் எழுந்து என் வேட்டியைப் பார்த்தார். விபூதியைப் பார்த்தார். கடைசியில் ரத்தம் கசிந்த என் காலைப் பார்த்தார்.

"யாருப்பா நீ?"

"நம்ம கம்பெனி டிரெய்னிதான் சார்."

"இப்ப என்ன பண்ணே?"

"வேண்டிகினேன் சார்."

"என்னன்னு?"

பொய் வரவில்லை. "பர்மனென்ட் ஆவணும்னு."

யாரோ தொப்பியால் வாயை மூடிக்கொண்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை நீட்டி, குடி என்றார். மிச்ச வழி முழுக்க என்னைக் கடைசி ஆளாக வரச் சொன்னார்.

இன்றும் பூஜை அறையில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தால், "மெல்ல வேண்டிக்குங்க, ஆந்த பறந்துடப் போவுது" என்பாள் என் மனைவி. பிள்ளைகள் இறக்கை அடித்துக் காட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் முதல் ஷிப்டுக்கு நொண்டிக்கொண்டே போனேன். லைனில் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து பார்க்கிற இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு என்னை மாற்றினார்கள். மதியம் சாப்பாட்டுக்கு முன் பர்மனென்ட் ஆர்டர் அங்கே வந்தது.