ஈரமே இல்லாத நான்காம் எண் வீடு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதோடு அது ஓய்ந்துவிடக் கூடாதே என்று பின்லாந்தின் கோய்வுராந்தா நகராட்சி 'உள்காற்றுப் பணிக்குழு'வைக் கண்டுபிடித்தது. நகராட்சியின் வாடகை வீடுகளில் காற்று நல்லதா, கெட்டதா என்று மாதம் ஒருமுறை கூடி, ஏலக்காய் பன்னும் காபியும் சாப்பிட்டு முடிவு செய்வது அதன் புனிதக் கடமை. ஆறு ஆண்டுகளில் ஒரு வீட்டுக் காற்றைக்கூட அது கெட்டது என்று சொன்னதில்லை. இவ்வளவு நல்ல காற்று வேறு எந்த ஊருக்கு வாய்க்கும்?

ஹில்க்காவுக்கு இந்தப் பெருமை புரியவில்லை. பேக்கரியில் வேலை செய்யும் அவள், ஐந்து வயது மகள் சினியோடு நான்காம் எண் வீட்டில் குடியிருந்தாள். படுக்கையறையில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. இலையுதிர் காலத்தில் இரும ஆரம்பித்த சினி, பிப்ரவரி வந்தும் நிறுத்தவில்லை. "மருந்தை மாத்தி ஒண்ணும் ஆகாது, வீட்டை மாத்துங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு வீடு வேண்டுமென்றால் பணிக்குழு மனம் வைக்க வேண்டும். பணிக்குழு மனம் வைக்க, ஈரம் இருப்பதாக அறிக்கை வேண்டும்.

அறிக்கை எழுத ஆய்வாளர் தாய்ஸ்தோ வந்தார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. ஊர் வழக்கப்படி வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் சாக்ஸோடு படுக்கையறைக்குள் நுழைந்தார். அவருடைய ஈரமானி முந்தின நாளிலிருந்தே காரில் கிடந்தது. அதைச் சுவரில் வைத்தார். பூஜ்யம். பூஞ்சையின் நட்டநடுவில் வைத்தார். பூஜ்யம்.

"சுவர் காய்ஞ்சு கெடக்கு" என்றார்.

"கருவி குளிர்ல வெறைச்சுப் போயிருக்கும். கொஞ்சம் அடுப்புப் பக்கம் வச்சு எடுங்களேன்."

"கருவிமேல சூடு படக்கூடாதுன்னு விதி இருக்கு."

"குளிர் படலாமா?"

"குளிரைப் பத்தி விதியில ஒண்ணும் போடல."

ஹில்க்கா தன் காபிக் கோப்பையை நீட்டினாள். "இதுக்குள்ள விட்டுப் பாருங்க."

விட்டார். பூஜ்யம். தாய்ஸ்தோ நேர்மையான மனிதர். பார்த்ததை மறைக்க மாட்டார். 'காபி: வறண்ட நிலை' என்று எழுதிக்கொண்டார்.

"தாய்ஸ்தோ, உங்க காலைப் பாருங்க."

பார்த்தார். இரண்டு சாக்ஸும் தரையின் ஈரத்தை உறிஞ்சிச் சொதசொதவென்று இருந்தன.

"நல்லவேளை சொன்னீங்க" என்று அதையும் எழுதினார்: 'தரையில் காணப்படும் சிறிதளவு ஈரம், வருகையாளரின் சாக்ஸிலிருந்து வந்தது.' ஹில்க்கா கொடுத்த கம்பளிச் சாக்ஸை மாட்டிக்கொண்டு நன்றி சொல்லிக் கிளம்பினார்.

வியாழக்கிழமை பணிக்குழு கூடியது. தலைவி ரைலி, தாய்ஸ்தோ, கூட்டக் குறிப்பு எழுதும் உர்ஹோ. எதிரே ஹில்க்கா.

"ஹில்க்கா, நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள மூச்சு விடறதுண்டா?" ரைலி கனிவாகக் கேட்டாள்.

"உண்டுங்க."

"தூங்கும்போதும்?"

"சின்ன வயசுலேருந்தே பழகிப்போச்சு."

"அங்கதான் தப்பு. மூச்சுல ஈரம் இருக்கு. அதுலயும் உங்க பொண்ணு இருமறா. ஒவ்வொரு இருமலுக்கும் எவ்வளவு ஆவி வெளிய வருது தெரியுமா?"

"அப்ப சுவரால அவளுக்கு இருமல் வரல, அவ இருமலாலதான் சுவர் கெடுதுங்கறீங்க?"

"கப்புனு புடிச்சுக்கிட்டீங்க! உருளைக்கிழங்கு வேக வைக்கறதையும் கொஞ்சம் குறைச்சுக்கங்க."

நான்காம் எண் வீடு 'முற்றிலும் வறண்டது, ஆரோக்கியமானது' என்று தீர்மானம் நிறைவேறியது. ரைலி கையெழுத்திட்டாள். பன் தட்டு சுற்றி வந்தது.

"உங்களுக்காவது வீடுன்னு ஒண்ணு இருக்கு" என்று பெருமூச்சு விட்டாள் ரைலி. "என் பையன் யோனஸ் நாலு மாசமா வரிசையில நிக்கறான். ஸ்டேஷன் பக்கம் புதுசா ரெண்டு ரூம் வீடு காலியாயிருக்கு, அதுவாவது அமையுதான்னு பாக்கணும்."

ஹில்க்கா பன்னைக் கீழே வைத்தாள்.

"அவர எதுக்குக் காக்க வைக்கறீங்க? எங்க வீட்டை இன்னிக்கே எடுத்துக்கட்டும். ஊர்லயே வறண்ட வீடுன்னு இப்பத்தானே கையெழுத்துப் போட்டீங்க? நாங்க அந்த ஸ்டேஷன் வீட்டுல இருந்துக்கறோம்."

"வாயைக் கழுவுங்க! அந்தப் பூஞ்சைக் குகைக்குள்ள என் புள்ளையா? ஒரு மாசத்துல நெஞ்சே போயிடும்!"

உர்ஹோவின் விசைப்பலகை படபடவென்று ஓடியது.

"உர்ஹோ, அதை எடுத்துடுங்க."

"எடுக்க முடியாது ரைலி. தலைவி சொன்னது தலைவி சொன்னதுதான். 'ஒரு மாசத்துல'ன்னுதானே சொன்னீங்க? சரியாப் பதியணும் பாருங்க."

அடுத்த வாரமே ஹில்க்காவும் சினியும் ஸ்டேஷன் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனார்கள். மார்ச் முடிவதற்குள் இருமல் நின்றது. தொண்டை சும்மா இருக்கிறதே என்று சினி இப்போது நாள் முழுக்கப் பாடுகிறாள்.

பணிக்குழுவைக் குறை சொல்பவர்கள் இனி வாயை மூடிக்கொள்ளலாம். தன் வரலாற்றில் முதல்முறையாக அது பூஞ்சையைக் கண்டுபிடித்துவிட்டது. முறையும் மிக எளிது: தலைவியின் மகன் அங்கே குடியிருப்பதாக நினைத்துப் பார்த்தால் போதும், சுவர் அந்தக் கணமே ஈரமாகிவிடுகிறது. அதே கட்டடத்தின் மற்ற பதினொரு வீடுகளும், உள்ளே குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தாலும், இன்றுவரை முற்றிலும் வறண்டே இருக்கின்றன. என்ன செய்வது? ரைலிக்கு ஒரே மகன்.