அறுபத்தஞ்சாம் நம்பர் பெட்டி

என் மச்சான் சீனுவாசன் வீட்டு வாசற்படியை இந்த ஜென்மத்தில் மிதிப்பதில்லை என்று நான் சபதம் செய்திருந்தேன். காரணம் பாயசம். அவன் புது வீடு கட்டிக் குடி போனபோது மற்ற மாப்பிள்ளைகளை எல்லாம் முதல் பந்தியில் உட்கார வைத்தான். என்னைக் கடைசிப் பந்தியில் தள்ளினான். என் இலைக்கு வந்தபோது வாளி காலி. "தீந்து போச்சு மாப்ளே" என்று சிரித்தான். பாயசம்தான் தீர்ந்தது. என் கோபம் தீரவில்லை. வருஷக்கணக்கில் அதை வாடாமல் வைத்திருந்தேன்.

எண்பத்து நாலாம் வருஷம், கத்திரி வெயில் நேரம். பனமலையில் அவன் மகளுக்குக் காதுகுத்து வைத்தான். என் மனைவி வீரம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, நீங்க வராம நான் மட்டும் போய் நின்னா சனங்க இன்னா கேப்பாங்க?"

"பாயசம் மிச்சம் இருக்குதான்னு கேப்பாங்க."

"இன்னுமா அத நெனச்சிக்கினு இருக்கீங்க?"

"சாவுற வரைக்கும் நெனப்பேன். செத்தப்புறமும் நேரம் கெடச்சா நெனப்பேன்."

அதே வாரத்தில் திண்டிவனத்தில் இருக்கும் எங்கள் மாவு மில்லில் மோட்டார் ஸ்டார்ட்டர் புகைந்து போயிற்று. பெட்டியைத் திறந்தேன். உள்ளே பறந்து போன மாவு, மிளகாய்த்தூள், வெள்ளிக்கிழமை தோறும் வீரம்மாள் மில்லைக் கழுவிவிடும் தண்ணீர், எல்லாம் ஒன்றாகப் பிசைந்து கிடந்தது. அப்படியே எடுத்து அடை சுடலாம். உப்பு மட்டும் குறை.

"உன் தண்ணிதான் ஸ்டார்ட்டரக் கொன்னுது" என்றேன்.

"உங்க மாவு ஒண்ணும் பண்ணலியா?"

"மில்லுல மாவு பறக்காம மல்லிப்பூவா பறக்கும்?"

"மில்லக் கழுவாம வுட்டா எலிதான் பறக்கும்."

அவளிடம் பேசி ஜெயித்தவன் இந்தத் தெருவில் கிடையாது. பஸ் ஏறி விழுப்புரம் போனேன். ஸ்டேஷன் பக்கத்தில் எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் நடராசன் ஸ்டார்ட்டர் வைக்கும் காலிப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். மூடி ஓரமெல்லாம் ரப்பர். மேலே ஐ.பி. 65 என்று அச்சடித்திருந்தது.

"அறுபத்தஞ்சுல செஞ்ச பொட்டியா? பழசக் குடுத்து ஏமாத்தப் பாக்குறியா?"

"ஐயோ, வருஷம் இல்லண்ணே. சேத்துப் படிக்காதீங்க. ஆறு தனி, அஞ்சு தனி. மொத நம்பரு தூசிக்கு, ரெண்டாவது நம்பரு தண்ணிக்கு. நம்பரு ஏற ஏற காவல் ஜாஸ்தி. தூசிக்கு ஆறுக்கு மேல நம்பரே கெடையாது. ஆறுன்னா மாவு இல்ல, மாவோட வாசனகூட உள்ள பூராது."

"அஞ்சுன்னா?"

"பைப்பு வெச்சி எந்தப் பக்கம் பீச்சுனாலும் உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆவாது. ஏழுன்னா கொஞ்ச நேரம் தண்ணில முக்கி எடுக்கலாம். எட்டுன்னா தண்ணிக்குள்ளயே குடும்பம் நடத்தலாம்."

"ஒண்ணயும் தடுக்காதுன்னா?"

"சைபரு."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலகத்தில் இத்தனை நாள் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்கிறது, ஒரு பாவியும் எனக்குச் சொல்லவில்லை! திரும்பும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதற்கெல்லாம் நம்பர் போட்டேன். நான் உட்கார்ந்திருந்த பஸ்ஸுக்கு ரெண்டும் சைபர். புழுதியும் வந்தது, வழியில் லாரி தெளித்த சேறும் வந்தது. வீரம்மாள் காதுக்கு அறுபத்தெட்டு. என் பேச்சு தூசி அளவும் நுழையாது, கண்ணீர் விட்டு அழுதாலும் இறங்காது.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன். பக்கத்து வீட்டுக் காந்திமதியும் வந்து நின்றாள். ஆறையும் அஞ்சையும் விளக்கினேன்.

"ஒரு சொட்டுகூடப் பூராதாங்க?" என்றாள் வீரம்மாள்.

"ஒரு சொட்டு உள்ள இருந்துச்சுன்னா, உங்கண்ணன் வூட்டுக் காதுகுத்துக்கே வர்றேன்! மொத ஆளா நின்னு நானே வாயத் தொறந்து மச்சான்னு கூப்புடுறேன்! போதுமா?"

"இல்லாங்காட்டி?"

"நீயும் போவக் கூடாது."

வீரம்மாள் முகம் சுருங்கியது. அண்ணன் மகள் காதுகுத்து. அவள் கையால் தோடு போட வேண்டும் என்று ஆசை ஆசையாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவள். பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு, "சரிங்க. காந்திமதி சாட்சி" என்றாள்.

மறுநாள் உச்சி வெயில். மில் வாசலில் பரீட்சை. உள்ளே வைக்கக் காய்ந்த துண்டு ஒன்று கேட்டேன். வீரம்மாள் உள்ளே போய், துண்டை நாலாய் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

"குடு இப்புடி."

"உங்க கையெல்லாம் கிரீசு. நானே வெக்கிறேன்."

வைத்தாள். மூடியை நானே முறுக்கினேன். பிறகு மாவை வாரிக் கொட்டினேன். மிளகாய்த்தூளைத் தூவினேன். தெருவே தும்மியது. அடுத்துப் பைப்பைத் திருப்பி மேலே, கீழே, பக்கவாட்டில் எல்லாம் பீச்சினேன். என் வேட்டிக்குச் சைபர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பெட்டியைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

"பாத்தியா! அவ்வளோ தண்ணியும் மேலயே நின்னு பொட்டி எப்புடிக் குளுந்து கெடக்குது!"

"இன்னும் செத்த நேரம் இருக்கட்டுங்க. வெயிலயும் தாங்குதான்னு பாத்துடலாம்."

"தாங்கட்டும்! பொழுதனைக்கும் தாங்கட்டும்!" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்றைக்கு ரெண்டு கவளம் கூடவே இறங்கியது.

திரும்பி வந்து பெட்டியைத் துடைத்து மூடியைக் கழற்றினேன். ஒரு தூசி இல்லை. ஆறு சொன்ன சொல் காப்பாற்றியது. துண்டை எடுத்தேன். சொட்டியது. பிழிந்தேன். ஒழுகியது.

காந்திமதி எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணே இது, பொட்டின்னு சொல்லி சொம்பு வாங்கியாந்துட்டியா?"

வீரம்மாள் எனக்குப் புது வேட்டியை எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

சொன்ன சொல் சொன்னதுதான். பனமலைக்குப் போனேன். சபை நடுவில் நின்று "மச்சான்" என்றேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல் அந்த வார்த்தை வெளியே வந்தது. சீனுவாசன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். வீரம்மாள் குழந்தைக்குத் தோடு போட்டாள். நான் சிரித்த முகமாய் நின்றேன். உள்ளுக்குள் பழைய கோபத்தை அப்படியே மூட்டை கட்டி நடராசன் பேருக்கு மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் பெட்டியைத் தூக்கினேன்.

"எங்கங்க கெளம்பிட்டீங்க?"

"விழுப்புரத்துக்கு! அந்தத் திருட்டுப் பையன் கடையில வுட்டெறிஞ்சிட்டு வர்றேன்!"

"நல்ல பொட்டிய எதுக்குங்க வுட்டெறியணும்? மாட்டுறதுக்கு ஒயர்மேன வரச் சொல்லிட்டேன்."

"நல்ல பொட்டியா? துண்டப் புழிஞ்சே பாத்தமே!"

வீரம்மாள் என் கையிலிருந்து பெட்டியை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள்.

"துண்டுக்குள்ள அம்மாம் பெரிய ஐஸ் கட்டிய வெச்சி மூடுனா, உருகுன தண்ணி வெளிய எப்புடிங்க போவும்? அறுபத்தஞ்சாச்சே!"