பிரம்மாவின் கணக்கில் ஒரு நாள்

உலகத்து அலுவலகங்கள் எல்லாம் தாமதத்துக்குப் பேர்போனவை. ஒருநாளும் தாமதமே ஆகாத அலுவலகம் இந்தப் பூமண்டலத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது உஜ்ஜயினியில், ஜிலேபிக் கடைக்கு மேல் மாடியில் இயங்கும் குடிநீர்ப் புகார்ப் பிரிவு. அந்தப் பெருமை முழுவதும் தலைமை எழுத்தர் கிர்தர்லால் நாகரையே சேரும்.

காலத்தை அளந்த பெரியவர்கள் ஒருகாலத்தில் உலகத்தின் நடுத் தீர்க்கரேகையையே இந்த ஊர் வழியாகத்தான் இழுத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வது முன்னோருக்கு அவமரியாதை என்று கிர்தர்லாலுக்குத் தோன்றியது. வாசலில் பலகை மாட்டினார்: "புகார்கள் ஒரே நாளில் தீர்க்கப்படும். நாள் என்பது பிரம்மாவின் கணக்கில்."

பிரம்மாவின் பகல் ஒன்று நானூற்று முப்பத்திரண்டு கோடி வருஷம். அன்று முதல் அங்கே 'நிலுவைக் கோப்பு' என்ற பேச்சே எழவில்லை. மேலதிகாரி நேரில் வந்து பார்த்துக் கண் கலங்கினார். பதினொரு மணி டீ, ஒரு மணிச் சாப்பாடு, ஐந்து மணிக்கு வீடு ஆகியவை மட்டும் பழையபடி மனிதக் கணக்கிலேயே நடந்தன. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் ஊழியர்கள் தாங்க மாட்டார்கள் அல்லவா?

இந்த மகத்தான சீர்திருத்தம் புரியாத ஒரே ஜீவன் ராம்கன்யாபாய். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வெள்ளைக் குதிரை வாடகைக்கு விடுபவள். அவள் சந்திலிருந்த அடிபம்பு ஜனவரியிலிருந்து காற்றைத்தான் இறைத்தது. பிஜ்லி என்ற அந்தக் குதிரைக்காக அரை மைல் தண்ணீர் சுமந்து அவள் தோள் வீங்கிப் போயிருந்தது.

விண்ணப்பத்தில் அவள் வெறுமனே 'ஜனவரி ஒன்பது' என்று தேதி போட்டிருந்தாள். கிர்தர்லால் போஹா என்ற அவல் உப்புமாவை மென்றபடியே திருப்பிக் கொடுத்தார். பூஜையில் சங்கல்பம் சொல்லும்போது புரோகிதர் இப்படியா மொட்டையாகத் தேதி சொல்கிறார்? பிரம்மாவின் ஆயுளில் இரண்டாம் பாதி, சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம் என்று முழு விலாசமும் சொல்கிறாரே.

ராம்கன்யாபாய் அங்கேயே ஓரமாக உட்கார்ந்து 'கலியுகம்' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கொடுத்தாள்.

"வெறுங் கலியுகம்னு போட்டா எந்தக் கலியுகம்னு நாங்க எப்படிம்மா கண்டுபிடிக்கறது? இதுக்கு முன்னாடியே இருபத்தேழு போயிருக்கு."

மறுநாள் அத்தனையும் எழுதிக்கொண்டு வந்தாள். கிர்தர்லால் அதைக் கோப்பில் சேர்த்து, பெரிய மனசோடு ஆறுதலும் சொன்னார். பிரம்மாவின் நாளில் கிட்டத்தட்டப் பாதி ஓடிவிட்டது, இன்னும் இருநூற்று முப்பத்தைந்து கோடி வருஷம்தான் பாக்கி.

"அதுவரைக்கும் என் குதிரை தாங்குமா பாபுஜி?"

"குதிரைக்குத் தனியா விண்ணப்பம் குடு."

நிற்க. மே மாதத்தில் கிர்தர்லாலின் ஒரே மகளுக்குக் கல்யாணம் வந்தது. பத்து வரன் தட்டிப்போய்க் கடைசியில் அமைந்த இடம். மாலை ஆறு நாற்பதுக்கு முகூர்த்தம். மொத்தம் இரண்டே நாழிகை, நாற்பத்தெட்டு நிமிஷம். இந்த நாற்பத்தெட்டு நிமிஷத்தைப் பிரம்மாவின் கணக்கில் பார்க்க அவருக்கு ஏனோ தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் ரத்லாமிலிருந்து வந்ததால் குதிரை ஏற்பாடு பெண் வீட்டாருடையது. ஆறு மணிக்கு மாப்பிள்ளை தலைப்பாகையும் வாளுமாகத் தர்மசாலை வாசலில் நின்றார். மேளம் அடித்து ஓய்ந்தது. குதிரையைக் காணோம். சம்பந்தி கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"எங்க வம்சத்துல மாப்பிள்ளை நடந்து வந்ததில்ல, நாகர்ஜி. எட்டு மணிக்கு ரத்லாம் வண்டி இருக்கு."

முகூர்த்த நாளானதால் ஊரிலுள்ள மற்ற குதிரைகள் எல்லாவற்றின் மேலும் வேறு மாப்பிள்ளைகள் இருந்தார்கள். குதிரை பேசிவிட்டிருந்த தரகரிடமிருந்து விலாசத்தைப் பிடுங்கிக்கொண்டு கிர்தர்லால் ஓடினார். போய் நின்ற இடம் ராம்கன்யாபாயின் சந்து. பிஜ்லி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தது.

"தோள் ஒடிஞ்சு போச்சு, இன்னைக்கு என்னால தண்ணி சுமக்க முடியல. தண்ணி குடிக்காம அது எந்திரிக்காது," என்றாள் ராம்கன்யாபாய். "நீங்க கவலைப்படாதீங்க பாபுஜி. ஒரே நாள்ல வந்துடும்."

"எந்தக் கணக்குலம்மா?"

"உங்க பலகையில இருக்கற கணக்குலதான்."

கிர்தர்லால் அதற்குமேல் தத்துவம் பேசவில்லை. அலுவலகத்துக்குப் பறந்து மேசை டிராயரைத் திறந்து ஒரு தோல் வாஷரை எடுத்தார். பந்தலில் லட்டு தின்றுகொண்டிருந்த அலுவலக ஃபிட்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பதினேழே நிமிஷத்தில் பம்பில் தண்ணீர் கொட்டியது. பிஜ்லி இரண்டு வாளி குடித்து எழுந்து உடம்பைச் சிலிர்த்தது. முகூர்த்தம் முடிய ஒன்பது நிமிஷம் இருக்கும்போது மாப்பிள்ளை பந்தலுக்கு வந்து சேர்ந்தார். கிர்தர்லால் எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

இருநூற்று முப்பத்தைந்து கோடி வருஷ வேலையைப் பதினேழு நிமிஷத்தில் முடித்த ஊழியரை இலாகா சும்மா விடுமா? பாராட்டு விழா எடுத்தது. மேலதிகாரி சால்வை போர்த்தி, தொன்மையான பிரம்மக் கணக்கின் வெற்றி இது என்று முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு 'பயனாளி' என்ற முறையில் ராம்கன்யாபாயை இரண்டு வார்த்தை நன்றி சொல்ல மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"அந்த வாஷர் நாலு மாசமா பாபுஜி டிராயர்லயே இருந்துச்சுன்னு ஃபிட்டர் சொன்னாரு. பழியைப் பிரம்மா மேல போடாதீங்கய்யா. அதே ஒரு நாள்ல அவரு மூணு லோகத்தையும் படைச்சுடறாரு."