கை சொன்ன ஜோடி

அந்த வசந்த காலம் முழுவதும் அட்லாண்டாவின் வடக்குப் புறநகர் மக்கள் டென்னிஸ் ஆடினார்களோ இல்லையோ, ஜோடிப் பொருத்தம் பார்க்கும் கார்லண்ட் டட்டிலிடம் கையை நீட்டினார்கள். சனிக்கிழமை காலையில் பூங்காவின் கார் நிறுத்துமிடத்தில் அவர் கூடாரம் முளைக்கும். வரிசையில் வக்கீல்கள், வங்கி மேலாளர்கள், இயற்பியல் ஆசிரியர் ஒருவர். எல்லாருமே லீக் அணிகளின் கேப்டன்கள். எல்லாரும் படித்தவர்கள். படிப்பைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவர்கள்.

அந்த வரிசையில் நானும் நின்றேன். பெயர் வெர்னன். முதல்முறையாகக் கேப்டன். தேர்தல் நடந்தபோது கழிப்பறைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கைதட்டினார்கள்.

எங்கள் லீகில் எல்லாமே இரட்டையர் ஆட்டம். வாராவாரம் ஐந்து ஜோடிகளைக் கேப்டன் அமைக்க வேண்டும். மிஞ்சியவர் முகத்தைப் பார்த்து, "இந்த வாரம் நீ இல்லை" என்றும் சொல்ல வேண்டும். எனக்கு அதற்கு வாய் வராது. கார்லண்டுக்கு வரும். அதற்காகத்தான் போனேன். பக்தி என்று பிற்பாடு பெயர் வைத்துக்கொண்டேன்.

ஒருவர் கையை நேராக நீட்டுவார். ஜோடி சேரவேண்டியவர் பின்னால் நின்று அவர் தோளைத் தொடுவார். நீட்டிய கையைக் கார்லண்ட் அழுத்துவார். கை நின்றால் இருவர் உடம்பின் அலைகளும் பொருத்தம். தாழ்ந்தால் இல்லை. பரிகாரத்துக்குச் செப்பு வளையம், அவரிடமே விலைக்குக் கிடைக்கும். என் இரண்டு மணிக்கட்டிலும் வளையம். மூன்றாவது கணுக்காலில்.

வலையோரம் நின்று ஆட எங்கள் அணியில் லொரெட்டாவை விட்டால் ஆளில்லை. பல் மருத்துவர். யார் அவர் தோளைத் தொட்டாலும் கை தாழ்ந்தது. முதல் நாள் கார்லண்டைப் பார்த்துச் சிரித்தவர் அவர் ஒருவர்தான் என்பது எனக்குத் தற்செயலாகவே பட்டது. லொரெட்டா வெளியே உட்கார்ந்தார். நாங்கள் உள்ளே தோற்றோம். கடைசி ஆட்டத்திலும் தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும்.

அதற்கு முந்தின நாள் லொரெட்டா கூடாரத்துக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா வெர்னன், நானும் இப்படிக் கையை அமுக்கிப் பாத்துட்டே பல்லைப் பிடுங்கட்டுமா? வாயைத் தொற."

"டாக்டரம்மா, நம்பாதவங்ககிட்ட அலை வேலை செய்யாது" என்றார் கார்லண்ட்.

"நம்புறவர்கிட்டயே பாப்போம். இதோ கேப்டன், கால்ல வளையம் போட்ட பக்திமான். ரெண்டு பேரும் கண்ணைக் கட்டிக்குங்க. யார் தோளைத் தொடுறாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். உங்க அலை சொல்லட்டும்."

வரிசை பார்த்துக்கொண்டிருந்தது. கார்லண்டால் மறுக்க முடியவில்லை.

என் தோளில் ஒரு கை. நீட்டிய கையைக் கார்லண்ட் அழுத்தினார். கை சரிந்தது. "சேராது. நாயும் பூனையும்!"

தோளில் மீண்டும் ஒரு கை. இந்த முறை என் கை நின்றது. "அருமை!"

மூன்றாவதாக ஏதோ கனமாக வந்து அமர்ந்தது. என் கை இரும்பாய் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், உடம்பு சிலிர்த்தது.

"இதுதான்யா ஜோடி! முதல் கோர்ட்ல இறக்கு. உனக்காகவே பொறந்தது!"

கட்டை அவிழ்த்தோம்.

"முதல் ரெண்டு தடவையும் தொட்டது நம்ம டீம் ட்வைட் ஒருத்தன்தான்" என்றார் லொரெட்டா. "மூணாவது, பந்து பொறுக்குற கூடையோட கைப்பிடி. கல்யாணத்துக்கு நாள் பாத்துடலாமா, கேப்டன்?"

"அப்ப நான் நாயா, பூனையா?" என்றான் ட்வைட், பரிதாபமாக.

கூடைக்குள் பழைய ஆட்டக்காரர்களின் அலை இருப்பதாகக் கார்லண்ட் ஆரம்பித்தார். சிரிப்பில் அது அமுங்கிப் போனது. கூடாரத்தை மடித்தார்.

கார்லண்ட் மெல்ல அழுத்தினால் கை நிற்கும், முரட்டுத்தனமாக அழுத்தினால் சரியும். அது ஒவ்வொரு வாரமும் என் தோலுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரிந்துகொள்ள மனமில்லை.

மறுநாள் காலை ட்வைட்டிடம் போனேன். "இந்த வாரம் நீ இல்லப்பா."

"கை சொல்லுச்சா?"

"இல்ல, நான் சொல்றேன். உன் ரெண்டாவது சர்வ் ஒண்ணுகூட வலையைத் தாண்டல."

லொரெட்டா முதல் கோர்ட்டில் வென்றார். இன்னொரு கோர்ட்டிலும் ஜெயித்தோம். மூன்றில் தோற்றோம், அதில் ஒன்று நான் ஆடியது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிட்டோம். ஆனால் ஏன் தோற்றோம் என்று முதல்முறையாக எங்களால் பேச முடிந்தது. அலையைத் திருத்த முடியாது, சர்வைத் திருத்தலாம்.

கார்லண்ட் இப்போது வேறு பூங்காவில் இருக்கிறார். வரிசை இன்னும் நீளமாம். அங்கே நிற்கும் கனவான்களே, கைக்கு மேலே தோள், தோளுக்கு மேலே கழுத்து, அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. தொப்பி மாட்டுவதற்கு மட்டும் அல்ல.