குழம்பில் தெரிந்த கால்கள்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மரக்காணத்தில் தட்சணாமூர்த்தி வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கிருபா அக்கா சொன்னது. அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்; நான் கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

இனி நேற்று வைத்த குழம்பைத் தொடுவதில்லை என்று தட்சணாமூர்த்தி சபதம் எடுத்தார். மூன்று வேளையும் சுடச்சுட வேண்டும். அவர் மனைவி ஞானாம்பாளோ விடியும் முன்பே உப்பளத்துக்கு உப்பு வாரப் போகிறவள். மாலையில் வந்து ஒரே ஒருமுறை சமைப்பாள். மறுநாள் முழுக்க அதுதான். அவருக்கு உப்பளத்து மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மோட்டார் ஓடினால் அவருக்கு வேலை இல்லை. நின்றுவிட்டால் மெக்கானிக்குக்கு வேலை.

கேட்டால் திட்டுவாள். பயமுறுத்தினால்?

பாண்டி சண்டே மார்க்கெட்டில் பழைய மைக்ராஸ்கோப் ஒன்றை வாங்கினார். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டார். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுக் குழம்பு. அடியில் உள்ள கண்ணாடியை வானத்தின் பக்கம் திருப்பினார். திருகைப் பதமாகத் திருகினார். குழாயில் கண்ணை அப்பிக்கொண்டு பார்த்தவர் அலறினார்.

"ஞானா! குழம்புல காலு முளைச்சிருக்குது!"

அப்போதுதான் வேலை முடிந்து வந்தவள், "மீன் குழம்புல காலு ஏதுங்க?" என்றாள்.

"கறுப்பா, வளைஞ்சு, வரிசையா! ஆடுது வேற. இதைத்தான் எனக்குத் தினம் ஊத்துற!"

"இன்னாது, தள்ளுங்க பாக்கலாம்."

குனிந்தாள். வெள்ளையாய் ஒரு வட்டம், வெயிலில் கிடக்கும் உப்புப் பாத்தி போல. தகட்டை உருவிவிட்டுப் பார்த்தாள். அப்போதும் கால்கள் இருந்தன. கண்ணைச் சிமிட்டினாள். தகட்டைத் துடைத்து, ஈரப் புடவை நுனியைப் பிழிந்து, உப்பளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள்.

அப்புறம் அவள் மனசு இந்த ஊரில் இல்லை. சொட்டின் ஓரத்தில் சின்னதாய் ஒரு சதுரம் பிறந்தது. அதற்குள் இன்னொன்று. கண்ணாடி வீடுகள் சத்தமில்லாமல் எழும்பி ஒரு தெருவாயின. இத்தனை வருஷம் கூடை கூடையாய்ச் சுமந்திருக்கிறாள். உப்பு பிறப்பதைப் பார்த்ததில்லை. கடல் காற்று வந்து போனது. தட்சணாமூர்த்தி கண்களை மூடினார். அவர் கனவில் சுடு குழம்பின் ஆவி பறந்தது.

"அய்யோ, ஆமாங்க!" என்று ஞானாம்பாள் நெஞ்சில் கை வைத்தாள். "எவ்ளோ காலு!"

"சொன்னேன்ல?"

"எல்லாம் என் கை பட்டுத்தாங்க. நாளெல்லாம் சேத்துல கிடக்குற கை. இனிமே நான் அடுப்பாண்டயே வரல. மூணு வேளையும் நீங்களே சுடச்சுட ஆக்கிடுங்க."

"நானா? ஏ ஞானா, நேத்துக் குழம்புதான் ருசியே..."

"காலோடயா? உங்க உசுரு எனக்கு முக்கியம்ங்க."

இப்போது மாலையில் அவர் மீன் ஆய்கிறார். அவள் வாசலில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாய் உப்பு விளைவதைப் பார்க்கிறாள். குழம்பு நன்றாகவே இருப்பதாகக் கிருபா அக்கா சொல்கிறார்.

எனக்கு அந்தக் கால்கள்தான் உறுத்தின. கல்லூரி ஆய்வகத்தில் தகடே வைக்காமல், கண்ணை அப்பிக்கொண்டு பார்த்தேன். கறுப்பாய், வளைந்து, வரிசையாய்த் தெரிந்தன. சிமிட்டினேன், ஆடின. சந்தேகம் தீர ஆய்வக உதவியாளரிடமும் கேட்டேன். அவை பார்ப்பவரின் இமை மயிர்கள்.