குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும்

இந்த ஊரை ஒழுங்குபடுத்தாமல் விடுவதில்லை என்று செல்வதாஸ் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். காரணம் ஒரு பெஞ்சு.

நாகர்கோவில் மாநகராட்சி ஆனாலும் ஆனது, அவருடைய தெருவுக்கும் யோகம் அடித்தது. குளக்கரையில் பூங்கா வந்தது. நடைபாதை, ஊஞ்சல், கலர் விளக்கு, வாயால் தண்ணீர் பீய்ச்சும் சிமென்ட் மீன். மேற்கு ஓரத்தில், வேப்பமரத்தடியில் அந்தப் பெஞ்சு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு உலகத்தில் தனக்கென்று மிச்சமிருக்கும் ஒரே இடம் அதுதான் என்று அவர் நம்பினார். காற்று வரும். மலை தெரியும். முக்கியமாக, அங்கே உட்கார்ந்தால் 'அந்த கேஸைக் கொஞ்சம் அணைங்க' என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்கு அதில் நாலு பையன்கள். மூன்று பேர் கால்நீட்டிக் கிடக்க, நாலாமவன் பெஞ்சின்மேல் செருப்போடு ஏறி மொபைலைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தான்.

செல்வதாஸ் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர். பூங்காவைப் பராமரிப்பது சங்கம்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் தீர்மானம் எழுதினார். ஒரே வாரத்தில் வாசலில் போர்டு நின்றது: 'குடும்பத்தோடு வருபவர்களுக்கு மட்டும் அனுமதி.' பெயின்ட் காய்வதற்குள் மூன்று தடவை போய்ப் பார்த்து ரசித்தார். நான்காவது தடவை உள்ளே போகப் பார்த்தார்.

காவலாளி பொன்னுலிங்கம் கம்பைக் குறுக்கே நீட்டினார்.

"குடும்பம் எங்க சாரே?"

"வீட்ல."

"அப்பம் கூட்டிட்டு வாங்க."

"வேய், போர்டு வச்சதே நான்!"

"அதான் சாரே. வச்ச ஆளையே சும்மா விட்டா மத்தவன் என்னை மதிப்பானா?"

அந்த நேரம் பார்த்து அவருடைய மனைவி சத்தியபாய் வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தனியாக, கையை வீசிக்கொண்டு வந்தாள். பொன்னுலிங்கம் எழுந்து நின்று வழிவிட்டார்.

"வாங்க டீச்சர்."

"இது என்ன அநியாயம்? அவளும் தனியாத்தானே வாறா?"

"டீச்சர் குடும்பம்லா."

"அப்போ நான்?"

பொன்னுலிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளை தனியா வந்தா குடும்பம். ஆம்பளை தனியா வந்தா ஆளு. ஓட்டல்ல ஃபேமிலி ரூம் பாத்ததில்லையா சாரே?"

"ஏட்டி, நீயாவது சொல்லு! என்னையும் கூட்டிட்டுப் போ."

"இண்ணைக்கு வேண்டாம்" என்றாள் சத்தியபாய். "நாங்க அஞ்சாறு பேரு பேசணும்னு இருக்கோம். நீங்க வந்தா ஒருத்தியும் வாயைத் தெறக்க மாட்டா. அடுப்புல பயறு கெடக்கு. நாலு விசில்ல எறக்கிருங்க."

கம்பி வேலி வழியாக அவர் பெஞ்சைப் பார்த்தார். அதே நாலு பையன்கள்! அம்மாக்களைக் கூட்டி வந்துவிட்டான்கள். ஒரு அம்மா மொபைலைப் பிடித்துக்கொண்டு, "மக்கா, இன்னும் கொஞ்சம் கையைத் தூக்கி ஆடு" என்றாள்.

வீட்டுக்கு வந்து குக்கர் முன்னால் நின்றார். முப்பத்தோரு வருஷம் உழைத்துப் போட்டவன் குடும்பம் இல்லையா? கொதித்துப் போய் ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் சத்தியபாய் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளை நாம் எங்கேயாவது கூட்டிப் போயிருக்கிறோமா என்று யோசித்தார். திற்பரப்பு அருவிக்கு ஒரே ஒரு தடவை. அன்றைக்கும் கரையில் துண்டோடு நின்று, "போதும், ஏறு, ஏறு" என்று கத்தியதுதான் நினைவுக்கு வந்தது. லேசாக உறுத்தியது. அதற்குள் குக்கர் ஆறாவது விசில் அடித்தது. உறுத்தல் போய்க் கோபம் வந்தது.

பதினைந்து நாள் இப்படியே போனது. பக்கத்து வீட்டு ராஜையன் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். தோளில் அவருடைய மனைவி செசிலியின் நைட்டி.

"ஓய், அவ பூங்காவுக்குப் போற நேரத்துல என்னைத் துணி மடக்க வச்சுட்டா. எல்லாம் உம்ம போர்டால வந்த வினை."

"ஞாயித்துக்கெழமை கூட்டத்துல எடுத்துருவோம் ஓய். என் தீர்மானம். நானே ரத்து பண்ணுதேன்."

சங்கக் கூட்டத்துக்கு அதுவரை பெண்கள் யாரும் வந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்பது நாற்காலியில் முப்பத்திரண்டில் பெண்கள் இருந்தார்கள். செல்வதாஸ் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, போர்டை எடுக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ராஜையன் தூக்கினார். செசிலி திரும்பிப் பார்த்தாள். தூக்கிய கையால் ராஜையன் தலையைச் சொறிந்துகொண்டார்.

அப்போது சத்தியபாய் எழுந்தாள்.

"போர்டு அங்கேயே இருக்கட்டும். அதுக்காக எனக்க வீட்டுக்காரரு வெளிய நிக்கப்பிடாது. அம்பது வயசு தாண்டுன ஆம்பளையளு தனியா வரலாம்னு ஒரு திருத்தம் சொல்லுதேன்."

செல்வதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன இருந்தாலும் கட்டியவள்! "வழிமொழிகிறேன்!" என்று கூவினார்.

"இருங்க, முடிக்கல. வீட்டுல இருந்து ஒரு சீட்டு வாங்கிட்டு வரணும்."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

"என்னட்டி சீட்டு?"

"சும்மா நாலு வரி. ஒப்புக்கு. அதான் வழிமொழிஞ்சாச்சே, நோட்டுல எழுதுங்க."

செயலாளர் அவர்தான். எழுத வேண்டியதும் அவர்தான். எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் பூங்கா வாசலில் நின்றார். சீட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் இருந்தது. பிரித்துப் பார்க்க மானம் இடம் கொடுக்கவில்லை. பொன்னுலிங்கத்துக்கு அந்தச் சங்கடம் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

"'தேங்கா திருவியாச்சு. துணி மடக்கியாச்சு. மாவு ஆட்டியாச்சு. அஞ்சே முக்கால் வரை உள்ளே விடலாம். சத்தியபாய்.'"

பின்னால் நின்ற ராஜையன் அவசரமாகத் தன் சீட்டைப் பிரித்தார். முகம் வாடிவிட்டது.

"ஓய், உமக்கு அஞ்சே முக்காலா? எனக்கு அஞ்சரைதான் போட்டிருக்கா. குடுத்து வச்ச ஆளு ஓய் நீர்."

செல்வதாஸுக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போர்டைப் பிடுங்கி எறிந்திருப்பார். ஆனால் அதற்கு நேரமில்லை. ஏற்கெனவே மணி ஐந்து பத்து ஆகியிருந்தது.